ஆனந்தவள்ளிக்கு வந்த போன்

இருபத்திரண்டு வருஷமாக ரூபி மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையே பேசி வந்தாள். முதலில் கதாநாயகியின் தோழி, பிறகு கதாநாயகனின் தங்கை, அப்புறம் அண்ணி. கடைசி நாலு வருஷமாக, சினிமாவிலும் சீரியலிலும் தன்னைவிட ஆறேழு வயதே இளைய நடிகர்களுக்கு அம்மா. முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்படிப்பட்டவள் முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு படத்தை இயக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது சென்னையில் யாரும் பெரிதாக நம்பவில்லை. கதை என்னவென்று கேட்டவர்களிடம், "பதினேழு வயசுல ரெண்டு பொண்ணுங்க. தென்காசியில ஒரு சீசன்" என்று மட்டும் சொன்னாள். படத்துக்குப் 'பதினேழாவது ஆனி' என்று பெயர் வைத்தாள்.

ஒரு வழியாகத் தயாரிப்பாளர் கிடைத்து, ஆனி மாதம் பிறந்ததும் ஐம்பது பேரோடு குற்றாலத்தில் வந்து இறங்கினாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா நல்லதம்பி இறந்த பிறகு தென்காசியில் அவளுக்கு வீடு கிடையாது. பாத்திரக் கடையை விற்றாயிற்று. அம்மா சுகிர்தம் சென்னையில் அவளோடுதான் இருந்தாள். சொந்த ஊரில் லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவது முதல் இரண்டு நாள் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மூன்றாம் நாள் மெயின் அருவியில் படப்பிடிப்பு. விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான் அனுமதி. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் கேமராவை நிறுத்தி, மழை படாமல் அதற்குக் குடை பிடித்து, நடிகைகள் இருவருக்கும் பழைய காலத்துப் பள்ளிச் சீருடையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள் ரூபி. அப்போது தூண் உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது.

"ஏம்மா பச்சைத் துண்டு, அது உங்க வீட்டுக் குழாய் இல்ல. பின்னால ஒரு பிள்ளை நடுங்கிக்கிட்டு நிக்கி பாருங்க, அதுக்கும் கொஞ்சம் விடுங்க. ஆச்சி, நீங்க வெளிய வராண்டாம், நீங்க நில்லுங்க. உங்களை இடிக்குத ரெண்டு பேரும் வெளிய வாங்க. இல்லன்னா நான் உள்ள வருவேன். வந்தேன்னா நானும் குளிச்சுட்டுத்தான் போவேன்."

அருவிக்கு அடியில் நின்ற கூட்டம் சிரித்துக்கொண்டே வழி விட்டது. ரூபியின் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அது நம்ம ஏட்டம்மா, அக்கா" என்றான் இணை இயக்குநர் காஜா. அவன் தென்காசிக்காரன். "ஆனந்தவள்ளின்னு பேரு. குத்தாலம் ஸ்டேஷன்ல ஹெட் கான்ஸ்டபிள். சீசன் வந்தா இவங்க மைக்கைக் கேக்குததுக்குன்னே கூட்டம் வருது. இன்னைக்கு நமக்குப் பந்தோபஸ்து இவங்கதான்."

காக்கிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டு, கையில் மைக்கும் கழுத்தில் விசிலுமாக அவள் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நெற்றிப் பக்கம் நரை. சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

"வணக்கம் மேடம். குளிக்குதவங்களை இப்ப வெளியேத்திருதேன். ஏழரைக்கு முடிச்சிரணும். அதுக்கு மேல பப்ளிக்கை நிறுத்தி வைக்க முடியாது."

"வள்ளி..."

"டிவியில பாக்கேன் மேடம். எங்க மாமியாருக்கு உங்க சீரியல்னா உசிரு. அதைப் பாக்காம சாப்பாடு இறங்காது."

அவ்வளவுதான். கோபமோ குத்தலோ அதில் இல்லை. தெரிந்த நடிகை ஒருத்தி ஊருக்கு வந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசினாள். ரூபிக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த ஒரு வாயிலிருந்து 'ஏட்டி ரூபி' என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருபத்திரண்டு வருஷமும் மனசின் ஒரு மூலை ஏங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஏழரைக்குள் காட்சி முடிந்தது. ஆனந்தவள்ளி விசில் ஊதிக் கூட்டத்தை உள்ளே விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஆனந்தவள்ளி இலஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா தென்னந்தோப்பில் காவல், அம்மா ரெங்கம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். ரூபியின் அப்பாவுக்கு ரத வீதியில் பாத்திரக் கடை. ஆனந்தவள்ளி எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். தலைமையாசிரியை, பஸ் கண்டக்டர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், யாரும் தப்ப முடியாது. ரூபி பக்கத்தில் நின்று சிரிப்பாள். அவளுக்கு அந்த வேலையே போதுமானதாக இருந்தது. குறைந்தபட்சம் பதினேழு வயது வரைக்கும்.

பிளஸ் டூ படித்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சினிமாக் கம்பெனி பழைய குற்றாலத்தில் வந்து இறங்கியது. மத்தியான வகுப்பைக் கட் அடித்துவிட்டு இருவரும் வேடிக்கை பார்க்கப் போனார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கிராம்பு மென்றபடி, உள்ளூர்ப் பெண்பிள்ளைகளாகப் பார்த்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்துக்குப் புதுமுகம் தேடுகிறார்களாம். ஆனந்தவள்ளி கொஞ்சமும் கூசாமல் தலைமையாசிரியை பிரேயரில் பேசுவதைப் பேசிக் காட்டினாள். லைட் பிடித்தவர்கள் கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ரூபி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அந்த அம்மாள் இருவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, போன் நம்பர் கேட்டாள். ஆனந்தவள்ளி வீட்டில் போன் ஏது? ரூபியின் அப்பா கடை நம்பரையே கூப்பிட்டுச் சொல்லும் பி.பி. நம்பராகக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஐப்பசியில், ரூபிக்கு அழைப்பு வந்தது. அவள் அம்மாவோடு சென்னைக்குப் போனாள்; நடிகையானாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். 'பதினேழாவது ஆனி'யின் திரைக்கதையிலும் அப்படியே இருந்தது.

பதினோராம் நாள், மழை விடாததால் வெளிப்புறக் காட்சிகளை விட்டுவிட்டு, லாட்ஜில் ஒத்திகை வைத்தாள் ரூபி. ரூபியின் பாத்திரத்தில் நடித்தது சங்கரேஸ்வரி என்ற பத்தொன்பது வயதுப் பெண். வாசுதேவநல்லூர்க்காரி, கல்லூரி நாடகத்தில் பார்த்துப் பிடித்தது. போன் வரும் காட்சியை அவள் நாலைந்து தடவை செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முகத்தில் சந்தோஷம் வந்தது, ஆனால் பொய்யாக இருந்தது.

"என்னம்மா கஷ்டம்?" என்றாள் ரூபி.

சங்கரேஸ்வரி தயங்கினாள். "ஒண்ணு கேக்கலாமாக்கா? அங்கன வச்சுப் பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சது அவதானே? நான் பையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அப்ப என்னைய எதுக்குக்கா கூப்பிடுதாங்க?"

அறையில் காஜா இருந்தான், ஒளிப்பதிவாளர் இருந்தார். இரண்டு வருஷமாகத் திரைக்கதையைப் படித்த ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி ரூபி எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு இல்லை. சாயங்காலம் மூன்றரைக்கு ஓர் ஆட்டோ பிடித்து இலஞ்சிக்குப் போனாள். போலீஸ்காரம்மா வீடு என்று கேட்டதும் ஒரு பையன் கை காட்டினான். தோப்புக்கு எதிரே இரண்டு அறை கான்கிரீட் வீடு. சாரலில் துணி காய வழியில்லாமல் கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி, காக்கிச் சட்டைகளை ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டிருந்தாள் ஆனந்தவள்ளி. ஒன்றை மேஜையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ரூபியைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தாள்.

"வாங்க மேடம். உக்காருங்க. வீடு கெடக்குத கெடையைப் பாக்காதீங்க."

"உன் வீட்டுக்காரரு எங்க?"

"மணிமுத்து மிலிட்டரில இருக்காரு. ஜம்மு. மாமியாரு கடையத்துல மக வீட்டுக்குப் போயிருக்காவ. பொண்ணு டியூஷனுக்குப் போயிருக்கு. காப்பி போடட்டுமா?"

"வேண்டாம். வள்ளி, மேடம்னு கூப்பிடாதே."

"பின்ன என்னன்னு கூப்பிட?" என்று கேட்டுவிட்டு, அவள் சட்டைக் கையை மடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். "ரெண்டு லெட்டர் போட்டேன். பதில் வரல. சரி, பெரிய ஆளாயிட்டா, நேரம் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. உலகத்துல நடக்குததுதானே."

"அதுக்கு வேற காரணம் இருக்கு."

ரூபி சொன்னாள். லாட்ஜிலிருந்து கிளம்பும்போதே மனசில் எழுதி வைத்திருந்த அத்தனை வார்த்தையும் அப்போது உதவவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். அப்பா சாப்பிடப் போயிருந்தார். கடையில் அவள் மட்டும்தான். போன் அடித்தது. கிராம்பு மெல்லும் அந்தக் குரல். அது கேட்டது ஆனந்தவள்ளியை. 'அவ வரமாட்டா. வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க' என்று ரூபி சொன்னாள். பிறகு, 'பக்கத்துல நின்ன பொண்ணு நான்தான்' என்றும் சொன்னாள்.

"எனக்கு வந்த போன் இல்ல வள்ளி அது. உனக்கு வந்தது."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. சூட்டில் துணி வாடை எழுந்த பிறகுதான் ஆனந்தவள்ளி அதைத் தூக்கி நிறுத்திவைத்து, ஸ்விட்சை அணைத்தாள்.

"என்னைக்கு?"

"அந்த ஐப்பசியில. தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

"மூணு இருக்கும்."

ஆனந்தவள்ளி கயிற்றில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தபடி நின்றாள். ஸ்டேஷனில் புகார் கேட்கிறவள் போலத்தான் அவள் குரல் வந்தது.

"அன்னைக்குச் செம மழை, பள்ளிக்கூடம் லீவு. தீபாவளிக்கு எங்கம்மைக்குச் சேலை எடுக்கணும்னு நான் பஜாருக்கு வந்தேன். நாலரைக்கு உங்க கடைக்கு வந்தேன். முழுக்க நனைஞ்சு போய் வந்தேன். நீ உள்ள போயித் துண்டு எடுத்துட்டு வந்தே. என்னைய ஸ்டூல்ல உக்கார வச்சு நீயே தலையைத் துவட்டினே. நான் கேட்டேன், எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சாட்டின்னு. நீ துவட்டிக்கிட்டே சொன்னே, 'இல்லட்டி, ஒண்ணும் வரல'ன்னு."

ரூபிக்கு இது நினைவில் இல்லை. இத்தனை வருஷமும் அவள் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்தபோதெல்லாம், யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் போனில் சொன்ன ஒரு பொய்தான் சாட்சிக்கு வந்தது. இப்போது ஈரக் கூந்தலின் பாரம் கைக்கு வந்தது. நீலக் கரை போட்ட துண்டு. ஆனந்தவள்ளியின் பின்னங்கழுத்தில் ஒட்டிக்கிடந்த முடி. ஆமாம், சொல்லியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரத்துக்குள்.

"ஞாபகமே இல்ல வள்ளி" என்றாள்.

"எனக்கு இருக்கு. ஏன்னா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கேட்டேன். நீ மெட்ராஸ் போன பெறவும் தெனம் சாயங்காலம் பஸ்ஸுக்கு முந்தி கடைக்குப் போவேன். மாமா, எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சான்னு கேப்பேன். மாமா முகம் வாடிப் போவும். ஒருநாள், 'வரும்மா, கண்டிப்பா வரும்'னு ஒரு டம்ளரைக் கையில குடுத்து அனுப்பினாரு, வேற என்ன செய்யன்னு தெரியாம."

அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் பிசிறியது.

"போலீஸ் வேலையில எனக்கு ஒரு குறையும் கெடையாது. நான் ஓடி, குதிச்சு, பரிச்சை எழுதி வாங்கின வேலை. அது வேற. ஆனா என்னைய யாரும் கேக்கலன்னு நெனச்சேன் பாரு. அவ்வளவு பேரு சிரிச்சதும் சும்மா சிரிச்சதுதான் போல, எங்கிட்ட ஒண்ணும் இல்ல போலன்னு. அந்த நெனைப்போடதான் இருந்தேன் இவ்வளவு நாளும்."

ரூபி எழுந்து பக்கத்தில் போனாள். ஆனந்தவள்ளி ஓரடி பின்வாங்கினாள்.

"போயிரு. பொண்ணு வருத நேரம். இதைப் பாத்தான்னா என்ன ஏதுன்னு கேப்பா."

திரும்பி வரும்போது ரூபி ஆட்டோ பிடிக்கவில்லை. குற்றாலம் வரைக்கும் சாரலில் நடந்தே வந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அங்கே அவள் வாயெடுத்துச் சொல்லவே இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. சொல்லாததே சரி என்றும் பட்டது.

அன்றிரவே அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினாள். பிறகு காஜாவிடம் நம்பர் வாங்கி ஒரு செய்தி அனுப்பினாள். 'போன் வந்தது உனக்குத்தான் என்றே படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். துண்டால் துவட்டியதையும். நீ வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன். படமே நின்றாலும் சரி.' இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை.

மூன்று நாள் பதில் இல்லை. வயல் காட்சி, பஸ் காட்சி, வகுப்பறை என்று எடுத்துக்கொண்டே போனார்கள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே ரூபி போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். முதலில் எழுதியிருந்ததையே எடுத்துவிடலாம், படம் என்பது படம்தானே, என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒருவர் சொன்னார். ரூபி தலையாட்டவில்லை.

நான்காம் நாள், தென்காசி ரத வீதியில் மூடிக்கிடந்த ஒரு கடையை நல்லதம்பியின் பாத்திரக் கடையாக மாற்றி வைத்திருந்தார்கள். பித்தளைக் குடங்கள், எவர்சில்வர் அடுக்குகள், மேஜை மேல் ஒரு சிவப்புத் தொலைபேசி. அப்பாவின் கடையில் இருந்தது கறுப்பு. கலை இயக்குநரிடம் அதை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாதாரணச் சேலையில், பூப்போட்ட சின்னக் குடையோடு ஆனந்தவள்ளி உள்ளே வந்தாள். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் நாலைந்து பேர் வணக்கம் வைத்தார்கள்.

குடையை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு நேரே ரூபியிடம் வந்தாள்.

"அந்த அம்மா என்ன சொன்னாவ? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

ரூபி சுற்றிலும் பார்த்தாள். காஜா எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"'பழைய குத்தாலத்துல டீச்சர் மாதிரி பேசிக் காட்டுச்சே, ஆனந்தவள்ளின்னு ஒரு பொண்ணு, அது இருக்குதாம்மா?'ன்னு கேட்டாங்க."

"பெறவு?"

"'டைரக்டர் அந்தப் பொண்ணைத்தான் கேக்குறாரு. அந்த மாதிரி ஒரு முகத்தை மூணு மாசமா ஊர் ஊராத் தேடுறோம், கெடைக்கலன்னு சொல்றாரு'ன்னாங்க."

ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். "மூணு மாசமாத் தேடுதோம்னா சொன்னாவ?"

"ஆமா."

"இன்னொருக்கா சொல்லு."

ரூபி மறுபடியும் சொன்னாள். குரல் உடையாமல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தைகள் தனக்குச் சொந்தமில்லாதவை, வெறுமனே கொண்டுவந்து சேர்க்க வேண்டியவை என்பதில் கவனமாக இருந்தாள். ஆனந்தவள்ளி கேட்டு முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"மாமா கடையில சருவச் சட்டியெல்லாம் மேல் தட்டுலல்லா இருக்கும்?" என்றாள். பிறகு, "எடு. நடந்தது என்னவோ அதையே எடு" என்றாள்.

காட்சிக்கு எல்லாம் தயாரானது. சங்கரேஸ்வரி சிவப்புக்குப் பதில் வந்த கறுப்புத் தொலைபேசியின் பக்கத்தில் நின்றாள். எதிர்முனைக் குரலை வழக்கம்போல உதவி இயக்குநர்களில் ஒருவர் படித்துவிட்டு, பிறகு சென்னையில் வேறு யாரையாவது வைத்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு. ஆனந்தவள்ளி போகாமல் வாசலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த அம்மா பேச்சை இவரு பேசினா எடுபடாது" என்றாள் திடீரென்று. "நான் பேசுதேன்."

ரூபி அவளைப் பார்த்தாள்.

"என்ன பாக்க? யூனிபார்மோட நடிக்கத்தான் பர்மிஷன் வாங்கணும். குரலுக்கு யூனிபார்ம் ஏது?" என்று சொல்லிவிட்டு, "உங்கள்ல யாரு கிட்டயாச்சும் கிராம்பு இருக்கா?" என்று கேட்டாள்.

எதிர்ப் பலசரக்குக் கடையிலிருந்து வந்தது. ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, கடையின் பின்னறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். சங்கரேஸ்வரியின் காதுக்கு அந்தக் குரல் நேரே போகும்படி செய்திருந்தார்கள். ரூபி மானிட்டருக்கு முன்னால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "ஆக்‌ஷன்" என்றாள்.

மணி அடித்தது. சங்கரேஸ்வரி ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ... பாத்திரக் கடைங்களா? சென்னையிலேர்ந்து பேசுறேம்மா."

ரூபி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதே குரல். வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் இழுத்து நிறுத்துகிற அதே பேச்சு. ஒரு மத்தியானம் பழைய குற்றாலத்தில் அரை மணி நேரம் கேட்டதை இருபத்திரண்டு வருஷம் எங்கே வைத்திருந்தாள் இவள்? இரண்டு வருஷம் அழைப்புக்குக் காத்திருந்த நாட்களில், வந்தால் எப்படி வரும் என்று தனக்குத் தானே எத்தனை தடவை பேசிப் பார்த்திருப்பாள்?

"அங்க ஆனந்தவள்ளின்னு ஒரு பொண்ணு... பழைய குத்தாலத்துல டீச்சர் மாதிரி பேசிக் காட்டுச்சே. அது இருக்குதாம்மா?"

சங்கரேஸ்வரி வாயைத் திறந்தாள், மூடினாள். ஒத்திகையில் வராத ஒன்று அவள் முகத்தில் வந்துகொண்டிருந்தது.

"டைரக்டர் அந்தப் பொண்ணைத்தான் கேக்குறாரு. அந்த மாதிரி ஒரு முகத்தை மூணு மாசமா..." குரல் ஒரு கணம் தேங்கியது. "மூணு மாசமா ஊர் ஊராத் தேடுறோம்மா. கெடைக்கல."

"அவ வரமாட்டா" என்றாள் சங்கரேஸ்வரி. "வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க." பிறகு, மிக மெதுவாக, "பக்கத்துல நின்ன பொண்ணு நான்தான்."

'அப்படியா? சரி, நீ வர்றியாம்மா?' என்பது எதிர்முனையின் அடுத்த வசனம். வரவில்லை. பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடி, பொய் சொன்ன பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒளிப்பதிவாளர் ரூபியைத் திரும்பிப் பார்த்தார். ரூபி கையை உயர்த்தி, பொறுங்கள் என்றாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

மூச்சு விடும் ஓசை ஹெட்போனில் கேட்டது. கிராம்பு நறுக்கென்று கடிபட்டது.

"அப்படியா?" என்றது குரல். "சரி. நீ வர்றியாம்மா?"

சங்கரேஸ்வரி அழுதாள். அழுதுகொண்டே, "வாரேன்" என்றாள். அது திரைக்கதையில் இல்லாத அழுகை. ரூபி "கட்" சொல்ல மறந்துபோனாள். காஜாதான் சொன்னான்.

ரூபி பின்னறைக்கு ஓடினாள். ஆனந்தவள்ளி கிராம்பைக் காகிதத்தில் துப்பிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"சரியா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அந்தப் பொண்ணு நல்லா செய்யுதா. உன்னைய விட நல்லா."

"ஆமா."

"எனக்கு ரெண்டு மணிக்கு ஐந்தருவியில டியூட்டி" என்று எழுந்தாள்.

"டைட்டில்ல உன் பேரைப் போடலாமா வள்ளி?"

ஆனந்தவள்ளி யோசித்தாள். "போடு. பேரு மட்டும் போடு. ஹெட் கான்ஸ்டபிள்னெல்லாம் போடாண்டாம்." குடையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். அதற்கப்புறம் படப்பிடிப்பு முடியும்வரை அவள் வரவில்லை. அருவியில் பந்தோபஸ்துக்கு வேறொருவர் வந்தார். குளிக்கிறவர்கள் எங்கே அந்த அக்கா என்று அவரைக் கேட்டார்கள். ஐந்தருவிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

படம் மார்கழி கடைசியில் வெளியானது. சென்னையில் நாலு தியேட்டர், தெற்கே ஏழெட்டு. நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள், கூட்டம் சுமார்தான். போன் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று பேட்டிகளில் கேட்டபோது, "அது நான் எழுதினதில்ல" என்று மட்டும் சொன்னாள் ரூபி.

முதல் வாரத்திலேயே தென்காசிக்கு வந்தாள். தினமும் சாயங்காலக் காட்சிக்குத் தியேட்டரில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால், பதினாலு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆனந்தவள்ளி உள்ளே வந்தாள். ரூபிக்கு ஆறு வரிசை முன்னால் உட்கார்ந்தாள்.

ரூபி அன்று திரையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியைக் காட்சியில் மகள் அம்மாவின் தோளில் அடித்துச் சிரித்தாள். போன் காட்சி வந்தது. குரல் கேட்டதும் மகள் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஆனந்தவள்ளி அசையவில்லை. துண்டால் தலை துவட்டும் காட்சியில் மட்டும் அவள் கை மெல்ல எழுந்து பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டது.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் மகளை ஏற்றிக்கொண்டிருந்தவளின் முன்னால் போய் நின்றாள் ரூபி.

"என்னைய மாதிரி நடிச்ச பொண்ணு கையை ரொம்ப ஆட்டுதா" என்றாள் ஆனந்தவள்ளி.

"நீ ஆட்டுவே."

"நானா? நான் எங்க ஆட்டினேன்?" என்று இரண்டு கையையும் விரித்தாள். மகள் களுக்கென்று சிரித்தாள். ஆனந்தவள்ளிக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று ரூபி நின்றாள். வீட்டுக்கு வாட்டி என்று சொல்லலாம். சாப்பிட்டியா என்று கேட்கலாம். எதுவாக இருந்தாலும் போதும்.

"அடுத்து என்ன படம்?"

"இன்னும் யோசிக்கல."

"யோசி" என்றாள் ஆனந்தவள்ளி. மகளின் தலையில் ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கினாள். "மழை வலுக்குது. நாங்க வாரோம்."

ஸ்கூட்டர் குற்றாலம் ரோட்டில் திரும்பியது. மகள் பின்னாலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் ரூபியை அடையாளம் கண்டு செல்ஃபி கேட்டார்கள். ரூபி அவர்களோடு நின்று சிரித்தபடியே, ரோட்டில் ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.